சுவர்மேல் உட்காராத உத்தரம்

பிள்ளைகளே, உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அடையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கிருந்து கடலுக்குப் போன ஏழு பேர் ஒரு புயலில் திரும்பவேயில்லை. அவர்கள் நினைவாக அந்தக் குப்பத்து ஜனங்களே ஒரு மண்டபம் கட்டினார்கள். காலையில் கடலுக்குப் போவது, சாயங்காலம் செங்கல்லும் சுண்ணாம்பும் சுமப்பது. இப்படியே சுவர் எழும்பிவிட்டது. கூரை வேலைக்கு மட்டும் தச்சன் வேண்டுமென்று மயிலாப்பூரிலிருந்த என்னைக் கூப்பிட்டார்கள்.

அப்போது மரம் குதிரைக்கொம்பு. எங்கெங்கோ அலைந்து, உத்தரத்துக்கு ஒரே ஒரு தேக்குமரம் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அந்த ஏழு பேரின் நினைவு நாள். அன்று உத்தரம் ஏற்றியாக வேண்டும்.

நான் அளவெடுக்கும்போது மீன் கூடையோடு ஒரு அம்மாள் வந்து நின்றார். அந்த ஏழு பேரில் ஒருவருடைய மனைவி.

"இன்னா ஆசாரி, செவுத்து மேல உத்தரம் குந்தறதுக்கு எடம் வுட்டியா?" என்று கேட்டார்.

"நீ மீனைப் பாரும்மா, மரத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அதே ஜோரில் மரத்தை அறுத்துவிட்டேன்.

மறுநாள் காலை குப்பமே கூடியிருக்க, கயிறு கட்டி உத்தரத்தை மேலே தூக்கினோம். அது இரண்டு சுவருக்கும் நடுவில் தொங்கியது! சுவருக்குச் சுவர் உள்பக்கம் மட்டும் அளந்திருக்கிறேன். சுவர்மேல் உட்கார வேண்டிய நீளத்தைச் சேர்க்கவே இல்லை. வேறு தேக்கும் கிடையாது. அப்படியே ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"இன்னா ஆசாரி, நான் மீனைப் பாக்கட்டா, மரத்தைப் பாக்கட்டா?" என்றார் அந்த அம்மாள்.

நான் தலை குனிந்தேன். குப்பத்துத் தலைவர் மட்டும் பதறவில்லை.

"ஒத்தை மரத்துல எவன்யா கடலுக்குப் போறான்? சேத்துக் கட்டினாத்தானே கட்டுமரம்! பக்கத்துக்கு ஒரு நீட்டு மரம் வெச்சுக் கட்டுங்கடா" என்றார்.

அந்த அம்மாள் கூடையைக் கீழே வைத்தார். "எங்க ஊட்டாண்ட நீட்டு மரம் ரெண்டு கீது. அவுரு போன கட்டுமரத்துது. மரம் மட்டுந்தான் கரைக்கு வந்திச்சு. எடுத்துக்கினு வாங்க."

உடனே நாலு பேர் ஓடினார்கள்.

என் தேக்கு நடுவில், அந்த மரங்கள் இரண்டு பக்கமும். கட்டுமரம் கட்டுகிற அதே முடிச்சு. நான் உளியைத் தூக்கப் போனேன். "ஆசாரி, நீ தொடாதே சாமி!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். வலை இழுக்கும் குரலோடு ஆணும் பெண்ணும் கயிற்றை இழுத்தார்கள். பக்க மரங்கள் இரண்டும் போய்ச் சுவர்மேல் ஜம்மென்று உட்கார்ந்தன. குப்பம் போட்ட கூச்சலில் அலைச் சத்தமே கேட்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் பெருங்காற்று அடித்தது. ஓடுகள் பறந்தன. உத்தரம் அசையவில்லை. அன்று குப்பத்துக் குழந்தைகளெல்லாம் அதன் கீழேதான் பத்திரமாக இருந்தார்கள்.

அளவெடுத்த பிறகு, "குந்த எடம் வுட்டேனா, பாரு" என்று உங்களில் சின்னவளிடம்கூட நான் கேட்பதைக் கேலி செய்கிறீர்களே, அப்படி ஒருவரிடம் கேட்காமல் அன்றிலிருந்து நான் ரம்பத்தைத் தொட்டதில்லை.