மாமா தந்த சுருள்கல்

புனேயில், கோந்த்வாவில் எங்கள் எதிர்வீட்டுத் தரைக்குச் சுண்ணாம்புக்கல் அறுக்கிறார்கள். சிறுவயதில் இதே ஊரின் நிக்டி பகுதியில் இருந்த எங்கள் வீட்டு மாடியில் நானும் அக்காவும் அம்மாவின் கல்லை உடைத்த அன்றும் இதே தூள் வாசனைதான்.

அம்மாவுக்கு அரியலூர். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன், நத்தைபோல் சுருண்ட அந்தக் கல்லைக் கொடுத்திருந்தார். அவர் இறந்தபின் அம்மா அதை யாரையும் தொடவிடவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளியில் புதைபடிவப் பாடம் படித்துவந்த அக்கா, "இது கடல் பிராணியோட ஓடு, உள்ள அந்தப் பிராணி இருக்கும்டி" என்றாள். சுத்தியலால் ஒரே போடு. கல் இரண்டாகப் பிளந்தது. பிராணி இல்லை. சின்னச் சின்ன அறைகளில் கற்கண்டுபோல் வெள்ளைப் படிகங்கள் இருந்தன.

சத்தம் கேட்டு அம்மா மேலே வந்துவிட்டாள். பயத்தில் அக்கா பாடத்தையே ஒப்பித்தாள்: "கடல்ல செத்து, சேத்துல புதைஞ்சிருக்கும்மா. சதை அழுகிப்போயிடும். ஓட்டுக்குள்ள தண்ணி கசிஞ்சு கசிஞ்சு, கடைசில கல்லா ஆயிடும்."

அடி விழும் என்று நின்றோம். அம்மா இரண்டு துண்டுகளையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உள்ள இவ்ளோ அழகா இருக்குன்னு அண்ணனுக்குத் தெரியாமலே போச்சே" என்றாள்.

பிறகு உட்புறம் தெரியும்படி இரண்டையும் அலமாரியில் வைத்தாள். இப்போது ஒன்று அக்காவிடமும் மற்றது என்னிடமும் இருக்கின்றன.