என் எடைக்குப் பாண்

ஏழு வயதில் எனக்கு நெருப்புக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தேன். பிழைத்துக்கொண்டேன் என்பது இதை எழுதுவதிலிருந்தே தெரியும். ஆனால் முழுதாகப் பிழைத்தேனா, பாதிதான் பிழைத்தேனா என்பதில் எங்கள் வீட்டில் சில நாள் பெரிய குழப்பம் இருந்தது. அதற்குக் காரணம் என் மாமா.

காய்ச்சல் உச்சத்துக்குப் போன ஒரு நாள் அம்மா அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை எழுந்து வந்தால் அவள் எடைக்கு எடை பாண், அதாவது பேக்கரி ரொட்டி, வாங்கி, செவ்வாய்க்கிழமைப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் பாண் கொடுப்பது வழக்கம்தான். ஐந்து கொடுப்பார்கள், மிஞ்சிப் போனால் பத்து. ஒரு முழுப் பிள்ளையின் எடைக்கு யாரும் கொடுத்ததில்லை. அம்மா அவ்வளவு பயந்து போயிருந்தாள்.

டிக்கட் வெட்டி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டில் என் எடை பதினெட்டு கிலோ என்று எழுதியிருந்தது. மாமா அம்மாவின் தம்பி. வட்டகொடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை. தான் படித்தவர் என்று அவரே அடிக்கடி சொல்லிக்கொள்வதால் வீட்டில் எழுத்து வேலையெல்லாம் அவர் பொறுப்பு. நான் ஒரு மாதத்தில் தேறி ஓடியாடத் தொடங்கியதும், அவர் துண்டை எடுத்துப் பார்த்தார், பேக்கரிக்குப் போனார், பதினெட்டு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு வந்தார்.

அவரை முழுதாகக் குற்றம் சொல்லவும் முடியாது. எங்கள் பக்கம் அரிசி கிலோ, சீனி கிலோ, கோதுமை மா கிலோ, பறிக்கிற கொழுந்தும் கிலோ. பாண் மட்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன றாத்தலிலேயே நிற்கிறது. கடையில் போய் ஒரு கிலோ பாண் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

பூசை முடிந்து பாண் பங்கிட்டார்கள். கூட்டம் அதிகம் என்பதால் சாமியார் எல்லாவற்றையும் சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லிவிட்டார். அண்ணனுக்குக் கிடைத்தது ஓரத்துத் துண்டு. எட்டாம் வகுப்பில் இருந்த அவனுக்குக் கணக்கு சுத்தமாக வராது. வயிறு காய்ந்தால் மட்டும் நன்றாக வரும். வீட்டுக்கு நடந்து வரும் வழியில் சொன்னான்.

"ஒரு றாத்தல் பாண் நானூத்தம்பது கிராம். இவ பதினெட்டுக் கிலோ. அப்படின்னா நாப்பது பாண் குடுத்திருக்கணும். நாம பாதிகூட குடுக்கல."

அம்மா பாதையில் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமா விட்டுக்கொடுக்கவில்லை. "பாணுக்கு யாருக்கா கிலோ பாக்குறாங்க? அந்தோனியார் அந்தக் காலத்து ஆளு. அவருக்கு றாத்தல்தான் தெரியும்."

"அவருக்கு எது தெரிஞ்சா என்னடா, புள்ள கிலோவுலதானே இருக்கா" என்றாள் அம்மா.

என் கவலை வேறு. அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கொடுத்த பாணுக்கு அந்தோனியார் காலிலிருந்து இடுப்புவரைதான் காப்பாற்றுவார், அதற்கு மேலே உன் பாடு என்று சொல்லியிருந்தான். நான் நம்பினேன். தடுக்கி விழுந்து முழங்கால் கிழிந்தபோது அழவில்லை. அது பாண் கொடுத்த பகுதி. ஆனால் ஒரு தும்மல் வந்தால் போதும், ஓடிப்போய் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வேன். ஒவ்வொரு தும்மலுக்கும் அம்மாவின் முகமும் வெளுத்துப் போகும். மற்றதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அந்த முகத்தை நினைத்தால் மட்டும் சிரிப்பு வருவதில்லை.

அம்மா சாமியாரிடம் கேட்டாள். மனசுதான் முக்கியம், எடை இல்லை என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. மீதியையும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதில் இன்னொரு சிக்கல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு நான் கண்டதையெல்லாம் தின்று ஊதியிருந்தேன். நாற்பது பாண் ஆஸ்பத்திரிப் பிள்ளைக்கு. இப்போது இருக்கிற பிள்ளைக்கு எத்தனை? பழைய துண்டே போதும் என்று மாமா கெஞ்சினார். பாண் சுமக்க வேண்டியவர் அவர்தானே. அம்மா கேட்கவில்லை. சாயந்தர நிறுவைக்கு என்னையும் மடுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கணக்குப் போட அண்ணனும் வந்தான்.

பறித்த கொழுந்தை நிறுக்கிற கொட்டகைதான் மடுவம். அங்கே கொக்கி வைத்த முள் தராசு ஒன்று தொங்கும். பெண்கள் வரிசையாக வந்து சாக்கை மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, சாக்குக்கும் தண்ணீருக்கும் என்று இரண்டு கிலோ கழித்து எழுதுவார். மழை பெய்தாலும் இரண்டு, வெயில் காய்ந்தாலும் இரண்டு. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தராசு என்றாலே இரண்டு கழித்துத்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அம்மா தன் கொழுந்தை நிறுத்துக் கொட்டியதும் சாக்கை உதறி என்னை அதற்குள் இறக்கினாள். விஷயத்தைக் கேட்ட கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். தலை மட்டும் வெளியே தெரிய நான் கொக்கியில் தொங்கினேன். முள் ஆடி ஆடி இருபத்தொன்றில் நின்றது.

"பத்தொம்பது" என்றார் கணக்கப்பிள்ளை, பழக்கத்தில்.

"இருபத்தொண்ணுங்க ஐயா" என்றாள் அம்மா.

"சாக்குக்கும் தண்ணிக்கும் ரெண்டு கழிச்சேன்மா."

"புள்ள நனையலீங்களே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "சரி, சாக்கு இருக்கில்ல?"

அம்மா என்னைத் தூக்கி வெளியே விட்டாள். வெறும் சாக்கை எடுத்துக் கொக்கியில் மாட்டினாள். முள் அசைந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

"கழிக்காம எழுதிக் குடுங்க ஐயா. சாக்கு எடையும் அந்தோனியாருக்கே போவட்டும்."

மடுவத்தில் அம்மாவின் குரலை அத்தனை சத்தமாக அன்றைக்குத்தான் கேட்டேன். கணக்கப்பிள்ளை ஒரு துண்டில் இருபத்தொன்று என்று எழுதி நீட்டினார். மொத்தம் நாற்பத்தேழு பாண், இன்னும் இருபத்தொன்பது கொடுக்க வேண்டும் என்றான் அண்ணன். அடுத்த செவ்வாய்க்கிழமை மாமா இருபத்தொன்பதையும் சுமந்து வந்தார். அண்ணனுக்கு முழுப் பாண் ஒன்று கிடைத்தது. நான் உச்சந்தலை வரைக்கும் பிழைத்தேன்.

ஆனால் அன்றைக்கு மடுவத்தில் ஒன்று நடந்தது. அடுத்து நின்ற பெண் தன் சாக்கை மாட்டிவிட்டு, எப்போதும் போல விலகிப் போகாமல் முள்ளுக்குக் கிட்டப் போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். கணக்கப்பிள்ளை பென்சிலைப் பிடித்தபடி எழுதாமலே நின்றார். அந்தப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். அவர்களுக்கும் அந்தோனியார் மேல் இவ்வளவு பக்தியா என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.