தாலி கட்டும் நேரத்தில் புயல் எச்சரிக்கை

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கிருஷ்ணப்பனுக்குத் தன் விரல்கள் மேல் அபார மதிப்பு. கப்பலிலிருந்து லாரி அளவுப் பெட்டியைத் தூக்கி, பூப்போல் இறக்கி வைப்பதைப் பற்றி எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில் அவர் பேசாத வீடு கிடையாது. கீழே நின்று கையசைத்து வழிகாட்டும் ரஹீமைப் பற்றி மட்டும் எந்த வீட்டிலும் பேசியதில்லை. இந்த லட்சணத்தையெல்லாம் பின்னால் கேன்டீனில் உட்கார்ந்து சொல்லிச் சிரித்ததும் கிருஷ்ணப்பனேதான்.

2003-ஆம் வருஷம், தீபாவளி முடிந்த கையோடு, டிவிடி பிளேயர் வாங்க ரஹீமையும் கூட்டிக்கொண்டு பாரிமுனைக்குப் போனார். வீட்டில் ஏற்கெனவே ஒரு பழைய வீடியோ டெக் இருந்தது. அதே கம்பெனி பிளேயரைக் கண்டதும் கையை வைத்தார்.

“ஒரே கம்பெனி வேணாம் மாமு. எங்க மச்சான் வூட்ல இப்டித்தான், ஒரு ரிமோட்ட அமுக்குனா ரெண்டு பொட்டியும் முயிச்சிக்கினு உக்காருது” என்றார் ரஹீம்.

“அது உங்க மச்சான் கை. இது ஆபரேட்டரு கை” என்றார் கிருஷ்ணப்பன்.

வீட்டில் மாட்டி முடித்து முதல் பொத்தானை அழுத்தினார். பிளேயர் உயிர் பெற்றது. பக்கத்திலிருந்த டெக்கும் உயிர் பெற்றது. டிவிடி வைக்கும் தட்டை வெளியே வரச் சொன்னால் தட்டும் வந்தது, டெக் கேசட்டையும் துப்பியது.

“இன்னா மாமா இது?” என்றாள் அவர் மனைவி மங்கை.

“வசதி. ரெண்டுக்கும் ஒரே ரிமோட்டு” என்றார், கொஞ்சமும் கூசாமல். அவள் அடுப்படிக்குப் போனதும் டெக்குக்கு மட்டும் ரிமோட் எட்டாதபடி முன்னால் தலையணையைச் சாய்த்து வைத்துப் பார்த்தார். அது சரிந்து சரிந்து விழுந்தது.

மங்கையின் அப்பா அதற்கு முந்தைய வருஷம்தான் காலமானார். அவர் நடமாடுவதைப் பார்க்க மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்: இவர்களுடைய கல்யாணக் கேசட். அவ்வப்போது மத்தியானத்தில் அதைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் தாலி கட்டப்போகும் இடம்வரை பார்த்தவள், குழாயில் தண்ணீர் வந்த சத்தம் கேட்டு, டெக்கை அப்படியே நிறுத்திவிட்டுக் குடத்தோடு ஓடினாள். கேசட் உள்ளேயே இருந்தது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பூவம்மா குடும்பத்தோடு டிவிடி பார்க்க வந்தாள். பிளேயரின் பொத்தானிலேயே தட்டைத் திறந்து படத்தைப் போட்ட கிருஷ்ணப்பன், ரிமோட்டைக் கையில் எடுத்தபின் அவர்களைப் பார்க்க விட்டால்தானே. படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார், கதாநாயகியின் மூக்குத்தியைத் திரை முழுக்கக் காட்டினார். டெக்கில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

“இன்னாண்ணே, அந்தப் பொட்டில லைட்டு எரியுது?” என்றாள் பூவம்மா.

“அது சும்மா. கரண்டு வருதுன்னு அர்த்தம்.”

படத்தைப் பெரிதாக்கும் பொத்தான்தான் டெக்குக்கு, கேபிளில் ஓடுவதைக் கேசட்டில் பதிவு செய்யச் சொல்லும் கட்டளை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கமும் அப்போது அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மங்கை கேசட்டைப் போட்டாள். கிருஷ்ணப்பனும் தட்டில் இட்லியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். மேளம் வேகம் பிடித்தது. மீசை சரியாக முளைக்காத கிருஷ்ணப்பன் தாலியைக் கையில் வாங்கி எழுந்தார். திரை ஒருமுறை நெளிந்தது.

“தென்கிழக்கு வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளது” என்றாள் செய்தி வாசிக்கும் பெண். “மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்.”

கிருஷ்ணப்பன் இட்லித் தட்டை ஒதுக்கினார். அவசரத்தில் கைக்குக் கிடைத்த ரிமோட்டை எடுத்து அழுத்தினார். டிவிடி பிளேயர் தட்டை நீட்டியது, டெக் கேசட்டைத் துப்பியது.

“வெய்யி அத்த” என்றாள் மங்கை. வைத்தார்.

அவள் எழுந்து போய்க் கேசட்டை உள்ளே தள்ளி, டெக்கிலேயே விரலை வைத்து ஓட்டினாள். புயல் போயிற்று, சோப்பு விளம்பரம், விளையாட்டுச் செய்தி, ஒரு சமையல் நிகழ்ச்சி பாதிவரை. அவள் தோள்கள் இறுகியிருந்ததை அவர் பின்னாலிருந்து பார்த்தார். சரக்கு அந்தரத்தில் தொங்கக் காற்றடித்த நாட்களில்கூட அவர் அப்படிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. அழிந்து போனது மாமனார் என்றால் எந்தக் கடையில் போய் வாங்கித் தருவது?

திரை மறுபடி நெளிந்தது. பந்தி வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாம்பார் வாளியோடு மங்கையின் அப்பா இலை இலையாக வந்துகொண்டிருந்தார். கேமராவைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

மங்கை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கப்பா கீறாரு” என்றாள். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்து, “நீதான் இல்லாம பூட்ட.”

“நான் பூட்டா பரவால்ல” என்றார் கிருஷ்ணப்பன். அது மனதிலிருந்து வந்தது.

“தாலி கட்னதுக்குச் சாட்சியே இல்ல இப்போ. பூவம்மா கேட்டா இன்னான்னு சொல்லுவ?”

“ஆபரேட்டரு கை வச்சான், பூட்ச்சின்னு சொல்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் தானாகவே ரஹீமிடம் கொட்டினார். ரஹீம் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நேராக வீட்டுக்கு வந்து, டெக்கின் முகத்தில் ரிமோட் வெளிச்சத்தை வாங்கும் சின்னக் கண்ணாடிமேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இரண்டாக மடித்து ஒட்டினார். கேசட்டின் விளிம்பிலிருந்த பிளாஸ்டிக் துண்டை நெம்பி உடைத்து, “இனிமே இதுமேல எதுவும் ஏறாது தங்கச்சி” என்று மங்கையிடம் கொடுத்தார்.

“இத முன்னாடியே ஒடைக்கிணும்னு தெரியாதா உனுக்கு?” என்று அவள் கணவரைக் கேட்டாள்.

“தெரியாது” என்றார் கிருஷ்ணப்பன்.

அன்று முதல் ரிமோட் மங்கையின் பக்கத்தில்தான் இருக்கும். சத்தம் பற்றவில்லை என்றால் அவர் கேட்டுத்தான் ஆக வேண்டும். பெரும்பாலும் கூட்டி வைப்பாள்.