பஞ்சநாதன் அளந்த அடி

மரக்காணம் உப்பளத்தில் அன்று காலை நடந்ததைச் சண்டை என்று சொல்லக்கூடாது, வெறியாட்டம். கழிவெளி உப்பேரித் தண்ணீர் முதலில் யார் பாத்திக்கு என்று மதகடியில் ஆரம்பித்த பேச்சு மண்வெட்டியில் போய் நின்றது. ஒருவனுக்குக் காது கிழிந்து தொங்கியது. இன்னொருவன் பல்லைத் துப்பினான். பாவாடை என்கிற உப்பளக்காரனின் பின்மண்டையில், பக்கத்துப் பாத்தி ஐயப்பன் உப்பு வாரும் பலகையை இரண்டு கையாலும் ஓங்கி இறக்கினான். பாவாடை விழவில்லை. திரும்பி ஐயப்பனின் மூக்கை உடைத்துவிட்டுத்தான் கரையேறினான்.

பாவாடையின் தம்பி பஞ்சநாதன் லீவில் வந்திருந்தான். 1988 மாசி மாதம். ஐ.டி.ஐ. படித்து, பம்பாயில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, ஜெனீவா வரைக்கும் போனவன். அங்கே துகள்களை மோதவிட்டுப் பார்க்கப் பூமிக்கடியில் பெரிய இயந்திரம் ஒன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். சிதறி வரும் துகள் படிகக் கட்டியில் அடித்தால் கட்டி மினுங்கும். மினுக்கத்தை வைத்து அடியின் ஆற்றலைச் சொல்லலாம். வம்பு என்னவென்றால், ஒரே அடிக்கு ஒரு கட்டி பளிச்சென்று எரியும், இன்னொன்று சோம்பேறியாய் மங்கும். அதனால் ஆற்றல் தெரிந்த எலெக்ட்ரான்களை ஒவ்வொரு கட்டியிலும் அடித்து, எதன் மினுக்கத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து வைப்பார்கள். அந்த வேலையில் பஞ்சநாதன் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தான்.

"புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போலாமாண்ணா?"

"எதுக்கு? லேசா விர்ருங்குது, அவ்ளோதான்."

பஞ்சநாதன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். ஒரு சுளிப்பு இல்லை. அடி பெரிசில்லை என்று முடிவுகட்டினான். ஆத்திரம் தலைக்கேற, கடப்பாரையை எடுத்துக்கொண்டு ஐயப்பன் வீட்டுக்குப் போனான். ஐயப்பன் ஓடிவிட்டிருந்தான். கதவைப் பிளந்து, கையில் அகப்பட்டதையெல்லாம் நொறுக்கித் தள்ளினான். அந்த நேரத்தில் ஒரு கார் பிடித்திருக்கலாம், பாவி.

திரும்பி வந்தபோது பாவாடை வாந்தியில் குப்புறக் கிடந்தான். புதுச்சேரிக்குப் போகிற வழியில், கோட்டக்குப்பம் தாண்டுவதற்குள் காரிலேயே உயிர் போய்விட்டது. மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டதாம்.

பாவாடையின் மனைவி ஞானாம்பாள் அழவில்லை. கொழுந்தன் சட்டையைப் பிடித்தாள்.

"கால்ல ஆணி ஏறி மேல வந்தப்பகூட எறும்பு கடிச்சிதுன்னாரு. உப்புல நிக்கிற மனுசன் என்னிக்கி வலிக்குதுன்னு சொல்லியிருக்காரு? கூடப் பொறந்த உனக்குத் தெரியாதா தம்பி?"

தெரியும். அதுதான் கொடுமை. முன்பின் பார்க்காத கட்டிகளுக்கெல்லாம் போட்ட கணக்கை அண்ணனுக்குப் போடத் தோன்றவில்லை.

ஞானாம்பாள் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். அவன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. உறவுக்காரர்கள் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள்.

"வுடுங்க," என்றான் பஞ்சநாதன். "அண்ணி அடிக்கட்டும்."