ஃபிரிட்ஜுக்குள் போர்வை

போன மாதம் திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் பெரியப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வெயிலில் நாக்கு வறண்டு, உரிமையோடு ஃபிரிட்ஜைத் திறந்தால்... உள்ளே நாலு போர்வை, ஒரு தலையணை!

"கரண்ட் பில் கட்டி மாளலம்மா. அதான் நிறுத்திட்டேன்" என்றார் அண்ணன். அரிசி மில்லில் கணக்கு எழுதி ரிடையர் ஆனவர். வருகிற பென்ஷன் மளிகைக்கே பற்றாது.

சரி, அண்ணியின் இன்சுலின்? அது ஈர மணல் மேல் வைத்த மண்பானைக்குள் கிடந்தது. சித்திரை வெயிலுக்குப் பானை எம்மாத்திரம்? ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, மருந்தை ஒழுங்காக வைக்கிறீர்களா என்று டாக்டர் திட்டி அனுப்பியிருக்கிறார். அண்ணியின் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது.

பில்லைக் குறைத்தே தீருவது என்று உட்கார்ந்தேன். முதல் நூறு யூனிட் இலவசம், அதற்கு மேல் ஒரு ரேட், இன்னும் மேலே போனால் வேறு ரேட்... மொபைலில் எத்தனை தடவை கூட்டினாலும் எனக்கு ஒரு விடை, பில்லில் வேறு விடை. கணக்கிலேயே காலம் தள்ளிய அண்ணனே "விட்டுடும்மா" என்றுவிட்டார்.

ஃபிரிட்ஜ் ஓடவில்லை. டி.வி. ஓடவில்லை. ஒரே ஒரு ஃபேன், அதுவும் மதியத்துக்கு மட்டும். பிறகு எதுதான் கரண்டைத் தின்கிறது? பேயா, பிசாசா?

அப்போது வாசலில் "மாமா..." என்று குரல். அடுத்த வீட்டுச் செல்வி, இடுப்பில் குடம். அண்ணன் எழுந்துபோய் மோட்டார் போட்டார். அவள் போனதும் இன்னொரு குடம். அதன் பின்னாலேயே இன்னும் சில. ஆற்றில் தண்ணீர் விடாத மாதங்களில் அந்தத் தெருக்குழாய் சொட்டுச் சொட்டாகத்தான் வருமாம். தெருவிலேயே வற்றாத போர்வெல் அண்ணன் வீட்டில் மட்டும்தான்.

கண்டுபிடித்துவிட்டேன்! "அண்ணே, மோட்டார்தான் காரணம்!"

"தெரியுமே" என்றார் சாவகாசமாக. "அதுக்காகத்தானே ஃபிரிட்ஜை நிறுத்தினேன்."

எனக்குத் தலை சுற்றியது. "அப்ப ஆளுக்குக் கொஞ்சம் கரண்ட் காசு தரச் சொல்லுங்களேன்!"

அண்ணன் முகம் மாறிவிட்டது. "காவேரிக்கரையில பொறந்துட்டு தண்ணிக்குக் காசு கேக்கச் சொல்றியா?"

அண்ணியைப் பார்த்தேன். புண் அவர் காலில்தானே? "குடத்தோட வந்தவளை வெறுங்குடமா எப்படிம்மா அனுப்பறது?" என்கிறார் அவரும்.

வயலுக்கு இறைக்கிற மோட்டாருக்குக் கரண்ட் இலவசம், மனுஷருக்கு இறைத்தால் காசு – இது ஏன் என்று யோசித்து இன்னும் குழம்பினேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"வெளியில மூச்சு விடாதே" என்று அண்ணன் சொல்லித்தான் அனுப்பினார். என் வாய் சும்மா இருக்குமா? வாசல் தாண்டியதும், மறுபடி குடத்தோடு எதிரே வந்த செல்வியிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். கண் கலங்கிவிட்டது. "அத்தை மருந்தா பானையில கெடக்கு? எங்க ஃபிரிட்ஜ்ல மாவும் தயிரும்தானேக்கா இருக்கு!"

பழைய மருந்தைத் தூக்கிப் போட்டோம். ஆஸ்பத்திரியில் புதிது வாங்கி அவள் வீட்டில் வைத்தோம். இப்போது ஊசி போடுகிற வேளைக்கு, இடுப்பில் குடமும் கையில் மருந்துமாக செல்வி வருகிறாளாம். புண் ஆறிக்கொண்டு வருகிறது என்று அண்ணி போனில் சொன்னார். அண்ணன் லைனுக்கே வரவில்லை. தெருவுக்கே தண்டோரா போட்டுவிட்டேனாம்.

நான் குறைக்கப் போனது கரண்ட் பில்லை. குறைந்தது அண்ணியின் சர்க்கரையும், அண்ணன் என்னோடு பேசுகிற பேச்சும். பில்?... அது அப்படியே இருக்கிறது!