நகரமன்றத்தில் அத்தை கல்யாணம்

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தைக்கு ஜெர்மனியில் கல்யாணம். அப்பாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு அப்பா லாரி ஓட்டித்தான் அவரைப் படிக்க வைத்தார். வேலைக்குப் போன இடத்தில் அத்தைக்கு ஒரு வெள்ளைக்காரரைப் பிடித்துப்போனது.

அங்கே கல்யாணத்தை நகரமன்றத்தில் பதிவு செய்வார்களாம். அப்பா போனில் ஒன்றே ஒன்று கேட்டார். "கையெழுத்து போட்டதும் அஞ்சு நிமிஷம் குடும்மா. மாப்பிள்ள தாலி கட்டட்டும். நான் பாத்தா போதும்." அத்தை சரி என்றார். அப்பா சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் தாலி செய்யச் சொல்லி, மஞ்சள் கயிற்றில் கோத்து, சிவப்புப் பெட்டியில் வைத்தார். விமானத்தில் பெட்டி அவர் மடியை விட்டு இறங்கவில்லை.

கல்யாணத்தன்று காலை அப்பா குளித்துக்கொண்டிருந்தார். நண்பரிடம் இரவல் வாங்கிய கோட்டு நாற்காலியில் தொங்கியது. அத்தை அதிலிருந்து பெட்டியை எடுத்து என் தோள்பைக்குள் போட்டார். "நான் கேக்கிறப்போ குடு. அப்பாகிட்ட சொல்லாதே, தொலைச்சிருவாரு." எனக்குப் பெருமையாக இருந்தது. கார் வந்துவிட்டது. அப்பா அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

நகரமன்றம் பல நூறு வருடப் பழசு. உறுப்பினர்கள் கூடும் அறையில்தான் கல்யாணம். சுவர் முழுக்கச் செதுக்கிய கருத்த மரம். அதற்கு மேலே நீள அங்கி போட்டவர்களின் ஓவியங்கள். கூரையில் தங்கப் பூச்சு. மான் கொம்பில் செய்த விளக்கு ஒன்று தொங்கியது. அம்மா கோயில் மாதிரி என்று நினைத்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள்.

"போட்டுக்குங்க அண்ணி," என்றார் அத்தை, பல்லைக் கடித்துக்கொண்டு.

கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எதையோ வாசித்தார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்பா எழுந்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டார். அடுத்த பை. சட்டைப் பை. கால்சட்டைப் பை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"ஒரு பெட்டிய பத்திரமா வைக்கத் தெரியல. இவரு கல்யாணம் நடத்த வந்துட்டாரு," என்றார் அம்மா.

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தையும் என்னைப் பார்த்தார். கேட்டதும் கொடுக்கலாம் என்று பையின் ஜிப்பைப் பாதி திறந்து வைத்திருந்தேன்.

"விடுங்கண்ணே, பரவாயில்ல. அடுத்த ஜோடி வெளிய நிக்குது," என்றார் அத்தை.

"மன்னிச்சிரும்மா," என்றார் அப்பா.

சிங்கப்பூர் வந்து சேரும்வரை அம்மா ஏசிக்கொண்டே வந்தார். அப்பா வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அத்தைதான் இன்னும் கேட்கவில்லையே.

எங்கள் புக்கிட் பாஞ்சாங் வீட்டில் என் பையிலிருந்த துணிகளை எடுத்து வைக்கும்போது அம்மா கையில் பெட்டி அகப்பட்டது. என்னை அடிக்கக் கை ஓங்கினார்.

"அத்தைதான் வச்சிருக்கச் சொன்னாங்க. கேட்டா குடுக்கணும்னாங்க. கேக்கவே இல்ல," என்றேன்.

அம்மாவின் கை இறங்கியது.

அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். மூடினார். "நீ ஒன்னும் தொலைக்கல லா," என்று என் தலையைத் தொட்டார். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

பொருள்தான் கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று நினைத்தேன்.