தல்பீருக்கு ஒரு சவப்பெட்டி

விஸ்தின் ஷெரி, ஹல் மிஸ்ரா என்ற சிற்றூரின் தச்சர். ஊர்க் கால்பந்துக் கழகமான மிஸ்ரா ஸ்டார்ஸ் 1931இல் தொடங்கியபோது அவருக்குப் பதினெட்டு வயது. திருவிழாவுக்கு வாத்தியம் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள் பதினோரு பேர் சிவப்புத் துணி வாங்கிச் சட்டை தைத்துக்கொண்டு ஆரம்பித்த கழகம். விஸ்தின் இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். பந்தைத் தடுப்பதைவிடக் கோல் கம்பம் நன்றாகச் செய்வார் என்று அப்போதே ஊரில் பேச்சு. போரின்போது மைதானத்தில் பீரங்கி நின்றது, கம்பங்கள் விறகாகிப் போயின. போர் முடிந்த மறுமாதமே புதிய கம்பங்களை அவர் நட்டுவிட்டார். வலை வந்து சேர இரண்டு வருடம் ஆயிற்று.

கழகம் கோப்பை எதுவும் வாங்கியதில்லை. அதற்கென்று இருந்தது ஒரே ஒரு பகைதான்.

பக்கத்து ஊர் தல்பீர். ஓர் ஊர்க் கோயில் மணி அடித்தால் மற்ற ஊருக்குக் கேட்கும். அவர்களுடைய அணி தல்பீர் ரோவர்ஸ், பச்சைச் சட்டை. ஆட்டப் பருவத்தின் முடிவில் புள்ளி குறைந்து இரண்டில் எது கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாலும் மற்ற ஊர் அதற்குப் பொய்ச்சாவு எடுக்கும். தோற்றவர்களின் நிறத்தில் சவப்பெட்டி, அங்கி போட்ட பொய்ப் பாதிரியார், ஒப்பாரி, பின்னால் பித்தளை வாத்தியம். ஊர்வலம் தோற்றவர்களின் சதுக்கம் வரை போகும்; வழியெல்லாம் பால்கனிகளில் நின்று அவர்கள் திட்டித் தீர்ப்பார்கள். ஹல் மிஸ்ராவுக்காகப் பெட்டி செய்வது விஸ்தினின் வேலை.

அவருடைய ஒரே அக்கா கொன்செத்தா வாழ்க்கைப்பட்டது தல்பீரில். அவள் கணவர் ஜம்மாரி ரோவர்ஸின் செயலாளர். 1961இல் ஸ்டார்ஸ் இறங்கியபோது பாதிரியார் அங்கியில் வந்து, விஸ்தினின் வாசலிலேயே நின்று தேம்பித் தேம்பி அழுது காட்டியவர்.

1968 மே மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்கும் இடையில். தோற்பவர் இறங்க வேண்டும். விஸ்தின் பெட்டிக்குப் பச்சை அடித்துக் காயவைத்திருந்தார். சனிக்கிழமை காலை ஜம்மாரி நெஞ்சு வலித்து இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ஸ் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது.

மாலையில் கூட்டம் பட்டறை முன் வந்து நின்றது. கழகத் தலைவர் ஃப்ரேடு கதவைத் தட்டினார்.

"அண்ணே, பெட்டிய எடுங்க!"

"பெட்டி வெளிய வராது."

"என்ன வெளையாடுறீங்களா? ஏழு வருஷமா காத்துக்கிட்டிருக்கோம்!"

"அத்தான் பொணம் இன்னும் வீட்டுல கெடக்கு ஃப்ரேடு. அக்கா வாசல் வழியா நான் பொய்ப்பெட்டி அனுப்பணுமா?"

"அவரு மட்டும் உங்க வாசல்ல வந்து ஆடலையா?"

"அப்ப நான் உயிரோட இருந்தேன்ல?"

சிலர் சிரித்துவிட்டார்கள். பெட்டி இல்லாமலே வாத்தியம் முழங்கிவிட்டுக் கூட்டம் கலைந்தது. அக்காவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு விஸ்தின் பட்டறையைப் பூட்டினார். இனி அவருக்கென்று இருந்த சொந்தம் அவள் ஒருத்திதான்.

மறுநாள் அடக்கத்தில் தல்பீர்க்காரர்கள் யாரும் விஸ்தினின் முகத்தைப் பார்க்கவில்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனால், அக்காவும் காப்பியை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தாள்.

"அக்கா, உனக்காகத்தான் நிறுத்தினேன்."

"தெரியும். எங்களைப் பாத்தா அவ்வளவு பாவமா இருந்துச்சா உனக்கு?"

"துக்க வீடுன்னு..."

"துக்கம் எனக்குடா. ஊருக்கு என்ன வந்துச்சு? ஒரு பெட்டிக்குக்கூட லாயக்கில்லாத ஊருன்னு ஆக்கிட்டீங்களே. வெள்ளிக்கிழமை பூரா அவரு வீடு வீடா போயி, எந்த பால்கனியிலேர்ந்து யாரு என்ன திட்டணும்னு சொல்லி வெச்சுட்டு வந்தாரு."

"தோப்போம்னு அத்தானுக்குத் தெரியுமா?"

"எங்க கோல்கீப்பருக்கு முட்டி வீங்கிக் கெடந்துச்சு. தெரியாம என்ன?"

விஸ்தின் காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தார். முப்பத்தேழு வருடங்களாக அந்த ஊர் தன் ஊரை ஒரு பொருட்டாக மதித்துத் திட்டி வந்திருக்கிறது. வேறு எந்த ஊரும் அதைச் செய்ததில்லை. பதிலுக்குத் தான் இரக்கம் காட்டிவிட்டது வழியெல்லாம் அவருக்கு உறுத்தியது.

ஏழாம் நாள் பூசை முடியட்டும் என்று பொறுத்திருந்து, ஃப்ரேடுவிடம் போய்ப் பெட்டியை எடுக்கலாம் என்றார்.

"ஒரு வாரம் கழிச்சா? பொணம் நாறிடாது?" என்றார் ஃப்ரேடு. ஆனாலும் வாத்தியக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார்.

பெட்டியின் முன் முனையை விஸ்தினே தோளில் தாங்கினார். தல்பீருக்குள் நுழைந்தபோது பால்கனிகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு தலைகூடத் தெரியவில்லை. வாத்தியச் சத்தம் மட்டும் சுவரில் பட்டுத் திரும்பியது. காலம் கடந்துவிட்டது, இனி அக்கா நம்மைச் சேர்க்க மாட்டாள் என்று அவர் நினைத்தார். திரும்பிவிடலாமா என்று ஃப்ரேடு கண்ணால் கேட்டார். விஸ்தின் தலையசைத்து மறுத்தார்.

அக்கா வீட்டுப் பால்கனிக் கதவு திறந்தது. கொன்செத்தா கறுப்பு உடையில் வெளியே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டேய் விஸ்தின்! என்னடா பச்சை அது? கீரைத் தண்ணியில முக்கி எடுத்தியா? ரெண்டு கோல் போட்டதுக்கே இந்த ஆட்டமா? உன் கோல் கம்பம் மாதிரியே உன் பெட்டியும் கோணல்டா!"

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த வீடும் திறந்தது. பிறகு தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியது. எங்கிருந்தோ வந்த தக்காளி ஒன்று விஸ்தினின் தோளில் மோதி உடைந்தது. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"மெதுவா நடங்கப்பா, எல்லாரும் திட்டி முடிக்கட்டும்" என்றார் பின்னால் பெட்டி சுமந்தவர்களிடம்.